மாடி ரூமில் காய்த்த காப்பி

திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம், மணத்தைப் பிடித்துக்கொண்டே என் கடைக்கு வந்துவிடலாம். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. காலை எட்டு மணிக்கு வறுவல் போட்டால் முருகன் கோயில் குளக்கரை வரைக்கும் மணம் போகும். கேளம்பாக்கத்திலிருந்தும் கோவளத்திலிருந்தும் ஆட்கள் வந்து என் காப்பித் தூளை வாங்கிப் போனார்கள். படூர்ப் பக்கம் காலேஜும் அடுக்கு வீடும் வந்த பிறகு கார் வைத்திருப்பவர்களே கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். செங்கல்பட்டில் லாரியில் மூட்டை ஏற்றினவன். பழைய அரவை மெஷின் ஒன்றை வாங்கி, நானே பிரித்து, நானே பூட்டி, கடை ஆரம்பித்தேன். ஒருத்தன் கை கொடுக்கவில்லை. கொட்டையைக் கையில் அள்ளி உருட்டினால் போதும், எந்த மலை, எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது, மழையில் நனைந்ததா என்று சொல்லிவிடுவேன். இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்ல இன்னொருவன் கிடையாது.

இவ்வளவு பேசுகிற நான் காப்பிப் பூவைப் பார்த்ததில்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை.

என் மனைவி பார்த்திருந்தாள். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் பார்த்தவள். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டில் பிறந்தவள் அவள். அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் பழம் பறிக்கிறவர்கள். நான் லாரியோடு சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போன காலத்தில் அவள் அப்பா கிடங்குக்கு மூட்டையோடு வருவார். நான் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவதைப் பார்த்துப் பெண் கொடுத்தார். இதுவும் நான் சொல்லவில்லை, மாமனாரே என் கல்யாணத்தில் எல்லோரிடமும் சொன்னது. கல்யாணம் கீழே சேலத்தில் நடந்தது. அன்று மாலையே பஸ் ஏறிவிட்டோம். கிடங்கு கீழே இருந்ததால் நான் மலைமேல் போனதே குறைவு, போனதும் பூக்கிற நாளில் இல்லை.

மலையில் பிறந்தவளைக் கொண்டுவந்து கடற்கரைப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் வீட்டுக்கு மதியத்துக்கு மேல் கடல் காற்று வரும். அதுவரைக்கும் புழுக்கம். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டே சொல்வாள்.

"ஒரு மழை பெய்யோணுங்க. மாசி கடைசியிலயோ பங்குனியிலயோ. செடி அதுக்குன்னே காஞ்சு நிக்கும். பெஞ்சு ஒம்பது பத்து நாள்ல ஒரே ராத்திரியில வெடிச்சிரும். காத்தால கதவைத் தொறந்தா மலையே சோறு வடிச்சுக் கொட்டுனாப்பல இருக்கும்."

"வாசனை எப்டி? நம்ம வறுவ மாதிரி வருமா?"

"உங்க வறுவலைக் கொண்டுபோயி கடல்ல கொட்டுங்க. மல்லியப்பூவும் கிட்ட வராது. தலையே வலிக்கும். மூணு நாளு, அவ்வளவுதான். அப்புறம் பழுப்பாகி உதுந்திரும்."

அந்த மூன்று நாள்தான் சிக்கல். காப்பிப் பூ தேதி சொல்லிவிட்டுப் பூப்பதில்லை. மழை பெய்தால்தான் உண்டு. மலையில் மழை பெய்த சேதி கடிதத்தில் வந்து சேர்வதற்குள் பூ கருகிப்போகும். மாமனார், மாமியார் போன பிறகு கடிதம் எழுதவும் ஆள் இல்லை. இவளுடைய அண்ணன் பனியன் கம்பெனிக்கென்று திருப்பூர் போய்விட்டான். கடையையோ ஒரு நாள் மூட முடியாது. "அடுத்த வருஷம் கூட்டிகினு போறேன்" என்று நான் சொல்வேன். அவளும் நம்புவது போல முகத்தை வைத்துக்கொள்வாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இங்கே இழுக்கப் போவதில்லை. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தருடைய ஆசை எந்நேரமும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வீட்டுக்கு மேல் மாடி எடுத்தேன். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் குடிவந்தார். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை என்று வந்தவர்கள், ஐந்தாறு வருஷம் இருந்தார்கள். அவர் விடிந்ததும் ஆபீஸ் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். அவர் மனைவி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். செடி கொடிப் படிப்பு படித்து, டாக்டர் பட்டத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். வந்த அன்றே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள்.

"இன்னாம்மா, மளிகைக் கடைக்காரன் மாதிரி கூப்டற" என்றேன்.

"எங்க ஊர்ல மரியாதைக்குச் சொல்லுதது அண்ணாச்சி. பிடிக்கலைன்னா காப்பிக்கடைக்காரரேன்னு கூப்பிடுதேன்."

அண்ணாச்சி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் மனைவி அவளுக்கு மதினி ஆனாள்.

அவள் வீட்டுச் சாமான் இறங்கினபோது கட்டிலுக்கும் பீரோவுக்கும் முன்னால் ஒரு பெட்டி இறங்கியது. கம்ப்யூட்டர். திருப்போரூரில் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்தது என் வீட்டில்தான் முதலில். பாங்கியில் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனியாக வயர் இழுத்து, ஸ்டெபிலைசர் வைத்து, உப்புக் காற்று படாமல் இருக்க ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். எந்த வீட்டுக்காரன் செய்வான்.

சில நாள் கழித்து என் மனைவி மீன் குழம்பு கொடுக்க மாடிக்குப் போனவள் வெகு நேரம் இறங்கவில்லை. கோவளத்து மீன்காரம்மாவிடம் பேசிப் பேசியே மீன் சமைக்கக் கற்றுக்கொண்டவள் அவள், யாருக்காவது கொடுத்துக்கொண்டே இருப்பாள். நான் போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் பச்சைக் கோடு ஒன்று நேராக நின்றது. அதிலிருந்து பக்கவாட்டில் இரண்டிரண்டாகக் கோடுகள். கோட்டில் கணுவுக்குக் கணு புள்ளிகள்.

"என்னங்க, இது எங்க செடிங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழந்தை கிறுக்கின மாதிரி இருந்தது. பெண் சொன்னாள், காப்பிச் செடியில் காய் எப்படி வளர்கிறது என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு செடியை வளர்த்துப் பார்ப்பதுதான் அவள் படிப்பு என்று. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் இவளுக்குத் தெரிந்த ஒருவர் கிளைகளுக்கு அடையாளம் கட்டி வைத்து, காய் எவ்வளவு பருத்திருக்கிறது என்று அளந்து தபாலில் அனுப்புவார். எத்தனை மழை, எவ்வளவு வெயில், எத்தனை இலை என்றும் எழுதியிருப்பார். இவள் மழையையும் வெயிலையும் மட்டும் உள்ளே கொடுப்பாள். கம்ப்யூட்டர் தன் கணக்கில் காயை வளர்க்கும். மலையில் இருக்கிற காயும் திரையில் இருக்கிற காயும் ஒரே மாதிரி பருத்தால் கணக்கு சரி. இல்லையென்றால் மறுபடி உட்கார வேண்டும்.

"செடிதான் அங்கியே கீதே. அப்புறம் இன்னாத்துக்கு இன்னொண்ணு?" என்று கேட்டேன்.

"அங்க உள்ள செடிகிட்ட, இந்த வருஷம் மழை பாதிதான் பெஞ்சா என்ன செய்வேன்னு கேக்க முடியுமா அண்ணாச்சி? இதுகிட்ட கேக்கலாம்."

சரியான பதில்தான். என் மனைவிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவள் திரையை விட்டுக் கண் எடுக்காமல், "பூ எங்க கண்ணு?" என்றாள்.

பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. "பூ படத்துல வராது மதினி. பூத்த நாளை வச்சுத்தான் இது கணக்கையே ஆரம்பிக்கும். பூவுக்குன்னு ஒரு தேதி மட்டும் இருக்கு."

"பூ இல்லாம காய் வருமா?"

"வராதுதான்."

அடுத்த தடவை மாடிக்குப் போனபோது பூ இருந்தது. மழைக் கட்டத்தில் எண்ணைத் தட்டி, நாட்களை ஓட்டினால், கணுவெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வரும். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு மறைந்து பச்சைப் புள்ளியாகும். படிப்புக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இவளுக்காகச் செய்தது. கீழே இருந்தபடியே எனக்குக் கேட்கும், "இன்னொரு வாட்டி மழை போடு கண்ணு."

அந்தக் குளிர்காலத்தில்தான் என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப் படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்றார்கள். மாத்திரை எழுதினார்கள். ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது என்று பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மலைக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். அவர், "போறதா இருந்தா தள்ளிப் போடாதீங்க" என்றார்.

அவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை. "இந்த வருஷம் பூவுக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை நம்பினாள், அதனாலேயே எல்லாம் தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

இப்போது கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடைக்குப் பக்கத்திலேயே நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். திருப்போரூரில் இரண்டாவது பூத் அது, முதலாவதை விடக் கூட்டம். ஏற்காட்டில் எனக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரிக்கும் கடையில் போன் இருந்தது. மழை பெய்ததும் அவர் சொல்வார், மாடியில் பெண் கம்ப்யூட்டரில் போட்டு எந்த நாளில் பூக்கும் என்று சொல்வாள், சரக்கு ஏற்றுகிற என் வேனில் மெத்தை போட்டு இவளைப் படுக்க வைத்துக் கூட்டிப் போவது. திட்டம் போடுவதில் நம்மை அடிக்க ஆள் கிடையாது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காப்பி வியாபாரத்தில் வாங்குகிறவன் விற்கிறவனிடம் "மழை எப்படி?" என்று கேட்டால் அது மழையைப் பற்றிய கேள்வி இல்லை. விலை இறங்குமா என்று அர்த்தம். விற்கிறவனும் மழையைப் பற்றிப் பதில் சொல்ல மாட்டான். கொட்டித் தீர்த்திருந்தாலும், "சொட்டு இல்லீங்க, செடி காயுதுங்க" என்பான். விலை இறங்காது என்று அர்த்தம். இருபது வருஷம் நானும் அவரும் இப்படித்தான் பேசிக்கொண்டோம். அவர் சொட்டு இல்லை என்றால் பாதிக்குப் பாதி பெய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். நான் "இங்க யாவாரமே இல்ல" என்றால் அவரும் பாதியாக எடுத்துக்கொள்வார். இதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டோம். வணக்கம் சொல்வது போல ஒரு பேச்சு.

பங்குனி பிறந்ததிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை போன் போட்டேன்.

"இன்னா மொதலாளி, மழை இன்னா சொல்லுது?"

"எங்கீங்க. சொட்டு இல்லீங்க. செடியெல்லாம் சுருண்டு கெடக்குது."

"வானம் கட்டிகினு கீதா?"

"வெறிச்சுன்னு கெடக்குதுங்க. இந்த வருசம் நம்ம பொழப்பு அவ்வளவுதான்."

வீட்டு விஷயத்தை வியாபாரியிடம் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு என் மனதில் விலை இல்லாததால், அவர் சொன்னதை அப்படியே முழுசாக எடுத்துக்கொண்டேன். நான் கேட்டது புருஷனாக, அவர் பதில் சொன்னது வியாபாரியாக. வீட்டுக்குப் போய், "இன்னும் பெய்யலியாம்" என்பேன். அவள் ஒரு சின்னப் பையில் ஸ்வெட்டரும் மாத்திரையும் எடுத்து வைத்திருந்தாள். அது கதவோரம் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

சித்திரை பிறந்த பிறகு மாடிக்கு எஸ்டேட் தபால் வந்தது. பெண் பிரித்துப் படித்தவள் படியிறங்கிக் கடைக்கே வந்துவிட்டாள். மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, மழை பெஞ்சு ரொம்ப நாளாச்சு. பூத்து முடிஞ்சு பிஞ்சு பிடிச்சிருச்சு."

நான் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மொதலாளி, நீங்க வெலைக்குத்தான் சுத்தி வளைக்கிறீங்கன்னு நெனச்சனுங்க. என்னைக்கு நீங்க மழைக்குன்னு மழையக் கேட்டிருக்கீங்க?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை அலோ சொன்னேன்.

"அம்மா எங்க ஊர்ப் பொண்ணுங்களா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த மழைக்கு நானே போன் பண்றனுங்க. நீங்க கேக்கவே வேண்டாம்" என்றார்.

வீட்டில் அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். மாடிப் பெண் முன்னாலேயே சொல்லியிருந்தாள். என் மனைவி பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"போன் போட்டு அவரைத் திட்டுனீங்களாமா?"

"திட்டாம கொஞ்சுவாங்களா?"

"எங்கப்பா மூட்டை கொண்டாந்தப்பவும் அவரும் நீங்களும் இதே பேச்சுத்தான். மழை இல்ல, யாவாரம் இல்ல. இந்த யாவாரியும் எங்க ஊரு வாயை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பூ போனா போகுது. காய் இருக்குதுல்ல. பழம் பழுக்கறப்ப போலாங்க."

அன்றிலிருந்து அந்தக் காய்தான் வீட்டுப் பேச்சு. மலையில் ஒரு கிளை, அதே கிளை திரையில். தபாலில் மழைக் கணக்கு வந்ததும் பெண் அதைப் போட்டு ஓட்டுவாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். முதலில் குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளி. வாரக் கணக்கில் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா என்று நான் கேட்டேன். இல்லை, காப்பிப் பிஞ்சு அப்படித்தான், ரொம்ப நாள் தூங்கும், பிறகு ஒரேயடியாகப் பருக்கும் என்றாள் பெண். என் மனைவி, "தூங்கட்டும் விடுங்க" என்றாள். ஆடி பிறந்தபோது நிஜமாகவே பருக்க ஆரம்பித்தது. வாரத்துக்கு வாரம் புள்ளி பெரிதாகி ஒன்றோடு ஒன்று இடித்தது. அந்த அளவுக்கு வளர்ந்த பிறகுதான் உள்ளே கொட்டை கெட்டிப்படுமாம். அதுவரைக்கும் உள்ளே வெறும் தண்ணீர் போலத்தான். இத்தனை வருஷம் கொட்டையோடு பழகின எனக்கே, அது ஒரு காலத்தில் தண்ணீராக இருந்தது என்பது புதுசு.

ஒரு நாள் பெண் வேறொன்றைக் காட்டினாள். மழையைக் குறைத்து, காயை நிறைய வைத்தாள். ஓட்டினாள். இலை ஒவ்வொன்றாகப் போனது, கிளை நுனியிலிருந்து கோடு மங்கிக்கொண்டே வந்தது. காய் மட்டும் பருத்துக்கொண்டே இருந்தது.

"மாமரம்னா தாங்க முடியாத பிஞ்சை உதுத்துரும் அண்ணாச்சி. காப்பிக்கு உதுக்கத் தெரியாது. தன் கிளையைக் காய வச்சு, இருக்கிறதை எல்லாம் காய்க்குக் குடுத்துரும்."

"புத்தி கெட்ட செடியா கீதே" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள் என் மனைவி. "கண்ணு, இந்தக் கெளைக்கு மழையைக் கூட்டிப் போடு. இப்படி விடாத."

பெண் கூட்டிப் போட்டாள். கோடு மறுபடியும் பச்சையானது. என் மனைவி அதைப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

ஐப்பசி மழையில் அவளால் படி ஏற முடியாமல் போனது. மேலே போகாவிட்டால் சாப்பாடு இறங்கவில்லை. நான் கம்ப்யூட்டரைக் கீழே இறக்கினேன். அந்தத் திரைப்பெட்டி ஒரு மூட்டைக் கொட்டையை விட மோசம், எடையெல்லாம் முன்பக்கம். மாடிப் பெண் பின்னாலேயே, "அண்ணாச்சி மெதுவா, அண்ணாச்சி சுவரு" என்று கத்திக்கொண்டே வந்தாள். லாரியில் மூட்டை இறக்கின ஆள் நான், ஒரு கீறல் விழவில்லை. கட்டிலுக்கு எதிரே மேஜையில் வைத்தோம். அதற்கப்புறம் பெண் தன் படிப்பு வேலையை எங்கள் கூடத்தில் உட்கார்ந்துதான் செய்தாள். அவள் தட்டுகிற சத்தமும், கடைத் தெருவில் பஸ் ஹாரனும், மழையும். இவள் படுத்தபடியே பார்ப்பாள். தூங்கிவிடுவாள். விழித்ததும், "எவ்வளவு ஆச்சு கண்ணு?" என்பாள். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எதுவென்று கேட்டால் அந்த மழைக்காலம்தான். அவள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலத்தைச் சந்தோஷம் என்கிறேனே என்று யாராவது நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும்.

மார்கழியில் திரையில் ஒரு புள்ளி மஞ்சளானது, பிறகு சிவந்தது. பெண், "இந்த வாரம் போனா சரியா இருக்கும்" என்றாள். நான் டாக்டரைக் கேட்கவில்லை. வேனில் மெத்தையை விரித்தேன். கடை வாசலில் பலகை மாட்டினேன், விடுமுறை என்று. கடை ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பலகைக்கு வேலையே வந்ததில்லை.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். ஏற்காட்டு வியாபாரி கடை வாசலிலேயே காத்திருந்தார். இருபது வருஷம் பேசின குரலுக்கு அன்றைக்குத்தான் நெருங்கி நின்று முகம் பார்த்தேன், என்னை விடக் குள்ளம். அவர் என்னிடம் பேசாமல் நேராக வேனுக்குப் போய் அவளுக்குக் கும்பிடு போட்டார்.

"அம்மா, நான் சொன்ன பொய்யை மனசுல வச்சுக்காதீங்க."

"நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா இவரு பாதியாத்தான் எடுத்திருப்பாரு. அப்பவும் வந்திருக்க மாட்டோம்" என்றாள் அவள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஸ்டேட் ஓரமாக வேனை நிறுத்தி, நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தோம். நிழல் மரத்துக்குக் கீழே செடிகள் சிவந்து கிடந்தன. கணுவுக்குக் கணு கொத்து. மாடி ரூமில் நான் பார்த்த அதே இரண்டிரண்டு கோடு, அதே இடித்துக்கொண்டு நிற்கிற காய். நான் முதல் தடவையாகச் செடியில் பழம் பார்த்தது அன்றைக்குத்தான், ஆனால் ஏற்கெனவே பார்த்தது போல இருந்தது. அவள் ஒரு பழத்தைப் பறித்து விரலால் பிதுக்கினாள். இரண்டு கொட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. தோலை வாயில் போட்டுச் சப்பினாள். ஒன்றை எனக்கும் கொடுத்தாள். இத்தனை வருஷம் இதன் கொட்டையை விற்றுச் சாப்பிட்டவனுக்கு, பழம் தித்திக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

அவள் கிளையை இழுத்து, பழம் இல்லாத நுனிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். கணுவில் பச்சையாக, நெல்லுமுனை போலச் சின்னதாக ஏதோ இருந்தது.

"இதாங்க மொட்டு. அடுத்த பூ. இப்பவே வந்து உக்காந்திருக்கும். மழை வர்ற வரைக்கும் அசையாது." கிளையை மெதுவாக விட்டாள். "பங்குனிக்கு வருவமா?"

"வருவோம். அவுரு போன் பண்றேன்னு சொல்லிகீறாரு."

அவள் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு மூச்சு வாங்கவில்லை. நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம், மூச்சு வாங்கவில்லை.

மாசியில் ஒரு நாள் மதியம், கடல் காற்று வருகிற நேரத்தில், கூடத்துக் கட்டிலில் போய்விட்டாள். மாடிப் பெண் பக்கத்தில் இருந்தாள். நான் கடையில் வறுவலில் இருந்தேன்.

கருமாதிப் பத்திரிகையை நான் மலைக்கு அனுப்பவில்லை. வீட்டு விஷயத்தை வியாபாரியிடம் பேசுகிற பழக்கம் அப்போதும் வரவில்லை. பங்குனியில் பூத்தில் போன் அடித்தது. எடுத்தேன்.

"மொதலாளி, மழைங்க. நல்ல மழை. இப்பவும் பேஞ்சுக்கிட்டுத்தான் இருக்குது. இது வெலைப் பேச்சு இல்லீங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே கெளம்புங்க."

நான் பூத் கதவை இழுத்துச் சாத்தினேன். அவர், "நம்பலீங்களா? இருங்க" என்று சொல்லி ரிசீவரை வெளியே நீட்டினார். தகரத்தின் மேல் மழை பெய்கிற சத்தம். வெகு நேரம் நீட்டிக்கொண்டிருந்தார். காசு ஓடுகிறதே என்று அவரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்து பேசினபோது, "கேட்டுச்சு" என்றேன். அதற்கப்புறம் சொன்னேன்.

அவர் அழுதார். அதற்குள் என் பூத் வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

வீட்டுக்குப் போய் மாடிப் பெண்ணிடம் மழை என்றேன். கம்ப்யூட்டர் இன்னும் கீழேதான் இருந்தது, மேலே கொண்டு போக இரண்டு பேருக்கும் மனசில்லை. மழைக் கட்டத்தில் எண்ணைத் தட்டி ஓட்டினாள். வெள்ளைப் புள்ளி வந்தது. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். காய்க்குப் போகாமல் பூவோடு அப்படியே கரண்ட் போகும்வரை திரையில் நின்றது.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் மாடிப் பெண்ணுக்குப் பட்டம் கிடைத்தது. பட்டத்துக்கு எழுதின தடிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பெயர் போடாமல், மதினிக்கு என்று தமிழில் ஒரு வரி இருந்தது. கீழேயுள்ளதெல்லாம் இங்கிலீஷ். காப்பி விளைகிற ஏதோ ஒரு நாட்டில் வேலை கிடைத்து, அவள் கணவரும் வேலையை விட்டு, இரண்டு பேரும் போய்விட்டார்கள். கம்ப்யூட்டரை எனக்கே விட்டுப் போனாள். போகும்போது எதை அழுத்தினால் செடி வரும், எங்கே மழையைப் போடுவது என்று மட்டும் காட்டிக் கொடுத்தாள். மூன்றாம் வகுப்பு படித்தவன் கம்ப்யூட்டரில் மழை பெய்ய வைத்தான் என்றால் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். சில வருஷம் ஓட்டினேன். பிறகு உப்புக் காற்று உள்ளே புகுந்துவிட்டது, கண்ணாடி ஜன்னல் எவ்வளவு நாள் தாங்கும். ரிப்பேர்க்காரன் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பெட்டி இன்னும் துணி போர்த்திக் கூடத்தில்தான் இருக்கிறது.

இப்போது எல்லார் கையிலும் செல்போன். பூத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு அரவை மெஷின் போட்டிருக்கிறேன். பழைய மஹாபலிபுரம் ரோட்டை அகலமாக்கினார்கள், கடைக்கு முன்னால் வண்டி நிற்க இடமில்லை, வியாபாரம் மட்டும் குறையவில்லை. மலைக்கு நான் அதற்கப்புறம் போகவில்லை. "இந்த வருசமாச்சும் வாங்க, பாத்துட்டுப் போங்க" என்று ஏற்காட்டு வியாபாரி கூப்பிடத்தான் செய்கிறார். போகலாம். வேன் புதுசு வாங்கியாயிற்று. ஆனால் அவள் மறுபடி பார்க்காமலே போன பூவை நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவது சரிப்படவில்லை.

ஆனால் வருஷா வருஷம் மழை பெய்கிற அன்றைக்குப் போன் வரும். விலை பேசுகிற போன் வேறு, அதில் இன்னமும் சொட்டு மழை கிடையாது, செடி சுருண்டுதான் கிடக்கிறது. இந்தப் போனில் அவர் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். போனைத் தகரத்துக்கு நேராக வெளியே நீட்டுவார். நான் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்பேன். ஒன்பது பத்து நாளில் பூக்கும். வாசலில் தூளுக்கு நிற்கிறவர்கள், "இன்னா அண்ணாத்த, பேசாமயே போன் பேசிகினு கீற" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டுவேன்.